வின்டர்மியரும் வேம்பனூர் குளமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரியைப் பற்றித் தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். கட்டுரை நெடுகிலும் அது 'வின்டர்மியர் ஏரி' என்றே குறிக்கப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்தப் பெயரைப் பற்றியும், அதையொட்டி எங்கள் மாவட்டத்து நீர்நிலைகளின் பெயர்கள் அச்சில் மாறிப்போவதைப் பற்றியும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

'மியர்' என்பது பழைய ஆங்கிலத்தில் ஏரியைக் குறிக்கும் சொல். அதற்கு முன் நிற்பது வினாண்ட் என்ற ஸ்காண்டினேவிய ஆள்பெயர் என்று பொதுவாக விளக்கம் தருகிறார்கள். பழைய எழுத்துகளில் 'வினாண்டர்மியர்' என்ற வடிவமும் காணப்படுகிறது. ஆக, பெயரின் பொருளே வினாண்டின் ஏரி என்பதாகும். அதன்மேல் மற்றொரு 'ஏரி'யைச் சேர்ப்பது, 'நடுசென்டர்' என்று நாம் பேச்சில் சொல்வதைப் போன்றது. 'லேக் டிஸ்ட்ரிக்ட்' என்று உலகம் அறிந்த அந்தப் பகுதியில் கிராஸ்மியர், பட்டர்மியர், தேர்ல்மியர் என்று மியரில் முடியும் பெயர்களும், அல்ஸ்வாட்டர், டெர்வென்ட்வாட்டர் என்று வாட்டரில் முடியும் பெயர்களும் உண்டு. மலையின் மடிப்புகளில் கிடக்கும் சிறு ஏரிகளை பழைய ஸ்காண்டினேவிய மொழியான நார்ஸிலிருந்து வந்த 'டார்ன்' என்ற சொல்லால் அழைக்கிறார்கள். அங்குள்ள பெரிய ஏரிகளில் 'லேக்' என்ற சொல்லையே பெயராகத் தாங்கி நிற்பது பாசன்த்வைட் லேக் ஒன்றுதான். ஏரிகளால் பெயர் பெற்ற மாவட்டத்தில் அந்தப் பெயருக்குரிய ஏரி ஒன்றே ஒன்று என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் வியப்படைவார்கள்.

இருந்தும் ஆங்கிலேயர்களே 'லேக் வின்டர்மியர்' என்று எழுதுவதும் பேசுவதும் உண்டு; அதற்குக் காரணமும் இருக்கிறது. 1847-ஆம் ஆண்டு அப்பகுதிக்கு ரயில் பாதை வந்தபோது, ஏரிக்கரையிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த பர்த்வைட் என்ற சிற்றூரில் அமைந்த நிலையத்திற்கு ஏரியின் பெயரையே சூட்டினார்கள். நிலையத்தைச் சுற்றி வளர்ந்த ஊரும் நாளடைவில் வின்டர்மியர் ஆயிற்று. அதன்பின் வின்டர்மியர் என்று மட்டும் சொன்னால் ஊரா, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரியா என்ற ஐயம் எழத்தானே செய்யும்? நம் தென்மாவட்டங்களில் சாத்தான்குளம், ஆலங்குளம், பெரியகுளம் என்ற பெயர்களைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருபவை ஊர்களே அன்றி நீர்நிலைகள் அல்ல. எனவே 'லேக்' சேர்ப்பவர்களை அறியாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் ஏரியின் முறையான பெயர் வின்டர்மியர் மட்டுமே என்பது அங்குள்ளவர்கள் பலரும் விடாது காத்துவரும் வழக்கு.

'மியர்' என்பதன் பொருள் தமிழ் வாசகர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆப்பிரிக்காவின் சாட், அமெரிக்காவின் டாஹோ ஆகிய பெயர்களும் அந்தந்த மண்ணின் மொழியில் ஏரியையோ பெருநீர்ப் பரப்பையோ குறிப்பவைதான். அவற்றையும் நாம் ஏரி சேர்த்தே எழுதுகிறோம். ஆகவே முதன்முறை 'வின்டர்மியர் என்னும் ஏரி' என்று எழுதி, பின்னர் வின்டர்மியர் என்றே தொடர்ந்தால் வாசகருக்கும் விளங்கும், பெயரும் சிதையாது.

என்னை உண்மையில் வருத்துவது வேறொன்று. ஆங்கிலப் பெயரோடு ஒரு சொல்லைச் சேர்ப்பதால் பெரிய இழப்பில்லை. நம் பெயரில் உள்ள சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது இழப்பு. குமரி மாவட்டத்தில் பாசனத்திற்கு நீர் தேக்கும் நிலையை நாங்கள் குளம் என்கிறோம். அது எத்தனை ஏக்கர் விரிந்து கிடந்தாலும் குளம்தான். அதற்கு மடை உண்டு, மிகைநீர் வெளியேறும் மறுகால் உண்டு, அதன் கீழே ஏலா என்னும் வயல்வெளி உண்டு. சென்னைப் பக்கத்தில் இதையே ஏரி என்பார்கள். மதுரை, சிவகங்கைப் பகுதிகளில் கண்மாய் என்பார்கள். வெள்ளையர் ஆட்சியில் இவை அனைத்தையும் 'டேங்க்' என்ற ஒரே சொல்லில் எழுதினார்கள். இன்று 'டேங்க்' என்றால் மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி என்று ஆகிவிட்டதால், ஆங்கிலத்தில் 'லேக்' என்று எழுதத் தொடங்கினோம். அந்த ஆங்கிலச் செய்தி தமிழுக்குத் திரும்பி வரும்போது வேம்பனூர் குளம் 'வேம்பனூர் ஏரி' ஆகிவிடுகிறது. கவிமணி பிறந்த தேரூரின் குளமும் ஏரி ஆகிவிடுகிறது. குளம் என்றதும் கோயிலை ஒட்டிய தெப்பக்குளத்தை மட்டும் எண்ணிப் பழகியவர்களுக்கு இந்த மாற்றம் திருத்தமாகவே தோன்றக்கூடும்.

2022-ஆம் ஆண்டில் சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஆகிய ஈரநிலங்கள் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பிறகு இத்தகைய செய்திகள் மிகுந்துவிட்டன. அவற்றுள் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த என் பேத்தி, "சுசீந்திரம் ஏரி எங்க இருக்கு பாட்டா?" என்று கேட்டாள். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில், கூழைக்கடாக்களைப் பார்ப்பதற்காகப் பேருந்தின் சன்னலோரத்தில் இடம் கேட்டு அடம்பிடிக்கும் குழந்தை அவள். எந்தக் குளத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தாளோ, அதே குளத்தைப் பற்றிய செய்தி, வேறு எங்கோ உள்ள இடத்தைப் பற்றியதாக அவளுக்குத் தோன்றிவிட்டது. அன்று அவளுக்கு விளக்கம் சொல்லி முடித்த பிறகும் என் மனம் ஆறவில்லை.

வீராணத்தையும் செம்பரம்பாக்கத்தையும் ஏரி என்றே எழுதுங்கள். அங்குள்ள மக்கள் அழைக்கும் பெயர் அது. ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும்போது, நீர்நிலையின் பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல், அந்த ஊரில் என்ன பெயர் வழங்குகிறது என்று தங்கள் மாவட்டச் செய்தியாளரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும். வலசைப் பறவைகள் வரும் மாதங்கள் நெருங்குகின்றன; வேம்பனூரைப் பற்றி மீண்டும் செய்தி வரும். அப்போது 'வேம்பனூர் குளம்' என்று அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
நாகர்கோவில்.