மசாலா பன் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் ஐயங்கார் பேக்கரி மசாலா பன்னில் முட்டை சேர்க்கிறோம் என்று ஒரு ஆடியோ ஓசூர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கேட்டிருப்பீர்கள். கல்லாவுக்கே வந்து நேராகக் கேட்டவர்களுக்கு முதலில் நன்றி.

பன் பளபளவென்று இருப்பதுதான் சந்தேகத்துக்குக் காரணமாம். அது பால், ஐயா. அடுப்பில் வைப்பதற்கு முன் மேலே பால் தடவுகிறோம். சூட்டில் பால் சிவந்து அந்த நிறம் வருகிறது. வெந்து வெளியே வந்ததும், ஆறுவதற்குள் வெண்ணெய் தடவுகிறோம். மினுமினுப்பு அதனால். உள்ளே மைதா, ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, வெண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, கறிவேப்பிலை. வேறொன்றுமில்லை. வெங்காயத்தைக்கூட மாவு பிசைந்த பிறகு கடைசியில்தான் சேர்ப்போம். முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டு மாவு தளர்ந்துவிடும். இவ்வளவு பார்த்துச் செய்கிற பண்டத்தைப் பற்றி யாரோ வீட்டில் உட்கார்ந்து பேசி அனுப்பிவிட்டார்கள். முட்டை பஃப்ஸ் கேட்டு வருகிறவர்களையே எதிர்க்கடைக்கு அனுப்பி வைக்கிறவர்கள் நாங்கள். கேக்கில்கூட முட்டை கிடையாது.

முட்டை வேண்டாம் என்றவர்கள் போட்ட வழியில் வந்த பன் இது. கர்நாடகத்தில் ஹாசன் பக்கத்து ஐயங்காரான எச்.எஸ். திருமலாச்சார் 1898இல் பெங்களூரு சிக்பேட்டையில் பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரியைத் தொடங்கினார். பேக்கரி ரொட்டி என்றாலே வெள்ளைக்காரர் சாப்பாடு என்று ஒதுங்கிய வீடுகளும், முட்டை சேராத ஐயங்கார் கடை என்பதால் தயங்காமல் வாங்கின. அப்புறம் ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கடை போட்டார்கள். பெங்களூருவில் காரா பன் என்பார்கள், இங்கே மசாலா பன். 'பெயருக்குத்தான் ஐயங்கார் பேக்கரி' என்றும் அந்த ஆடியோவில் ஒரு குத்தல். நான் ஐயங்கார் இல்லைதான், அதை எப்போதும் மறைத்ததில்லை. என் மாமா அப்படி ஒரு கடையில் மாவு பிசைந்து கற்ற தொழில் இது. பெயரோடு முறையையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டோம்.

நம் மாஸ்டர் பெங்களூருவில் ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம், போகட்டும். புது மாஸ்டர் கை பழகும் வரை செவ்வாய்க்கிழமை மாலை பன் இருக்காது. வெண்ணெய், சிலிண்டர் விலையெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்றாம் தேதி முதல் பன் 22 ரூபாய், உருண்டையும் சற்றே சிறியது.

ஆடியோவைக் கேட்டுவிட்டு வழக்கத்தைவிட இரண்டு பன் கூடுதலாக வாங்கிப்போன பள்ளிக்கூட டீச்சர்களுக்கும், பஸ் ஸ்டாண்ட் ஆட்டோ அண்ணன்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிற எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சந்தேகம் இருப்பவர்கள் காலை நேரத்தில் அடுப்படிக்கே வந்து பார்க்கலாம். செருப்பை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்