கிரனாடாவில் கேட்காமலே வந்த தட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறு சிறு தட்டுகளில் ஸ்பானியச் சாப்பாடு பரிமாறுகிற லண்டன் தாப்பாஸ் உணவகங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தட்டு சிறிதாகத்தான் இருக்கும், ஸ்பெயினில் அதுதான் வழக்கம், அளவைப் பார்த்துக் குறைப்படக் கூடாது என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். அளவில் எனக்கும் குறையில்லை. என் மனத்தாங்கல் வேறு.

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு, இப்போது எல்லோரும் பேசுகிற ஒரு தாப்பாஸ் உணவகத்தில் மகள் மேசை பதிந்திருந்தாள். மூன்று வாரம் காத்திருந்து கிடைத்த இடம். உட்கார்ந்ததுமே, ஒன்றரை மணி நேரத்தில் மேசையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். ஆளுக்கு மூன்று தட்டு வேண்டியிருக்கும் என்றார்கள். சரி என்று ஐந்து பேருக்குப் பதினைந்து தட்டு சொன்னோம்.

முதலில் வந்தது தக்காளிப் பாண். ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியில் பாணை வாட்டி, உள்ளியைத் தேய்த்து, பழுத்த தக்காளியைப் பாதியாக வெட்டி அதன் மேல் தேய்ப்பார்கள். அப்புறம் ஒலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். எங்களுக்குக் கிடைத்தது குளிர்ந்த தக்காளிக் கூழைக் கரண்டியால் தடவிய பாண், எட்டுப் பவுணுக்கு நாலு துண்டு. ஐந்து பேர் இருக்கிற மேசைக்கு நாலு துண்டு வைக்க எப்படித்தான் மனம் வந்ததோ!

தோர்த்தியா என்கிற முட்டை, உருளைக்கிழங்கு அடைக்குக் கிழங்கை எண்ணெயில் மெல்லிய சூட்டில் பொறுமையாக வேகவிட வேண்டும். வேலையே அதுதான். ஆறிப்போனாலும் நன்றாக இருக்கிற சாப்பாடு அது. ஆனால் எங்கள் துண்டின் நடுப்பகுதி சில்லென்று இருந்தது, கிழங்கு பல்லில் நறுக்கென்றது. "கிழங்கு அவியேல்லை பிள்ளை" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு அம்மா முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டார். பேத்தி மனம் நோகக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

உள்ளி இறால் மண்சட்டியில் எண்ணெய் கொதிக்கக் கொதிக்க வர வேண்டியது. அது வந்தபோது எங்களுக்கு மிஞ்சியிருந்தது பத்து நிமிடம். எண்ணெய் அசையாமல் கிடந்தது. தொட்டுச் சாப்பிடப் பாண் கேட்டோம், அதற்குத் தனிக் காசு.

சில வருடங்களுக்கு முன் குடும்பமாக ஸ்பெயினில் இருக்கிற கிரனாடா நகருக்குப் போயிருந்தோம். அங்கே குடிக்க ஏதாவது கேட்டால் கூடவே ஒரு சிறு தட்டும் வரும், அதற்குக் காசில்லை. நாங்கள் கேட்கவில்லையே என்று நான் பதறியபோது, கடைக்காரர் சிரித்துக்கொண்டே கையை அசைத்துவிட்டுப் போனார். இரண்டாவது முறை குடிக்கக் கேட்டபோது வேறொரு தட்டு வந்தது. எழும்பச் சொல்லி யாரும் வந்து நிற்கவில்லை. அங்கே தட்டு சிறிதாக இருப்பது, ஆட்கள் நின்று ஆறுதலாகக் கதைத்துக்கொண்டே சாப்பிடுவதற்காக. இங்கே அதே சிறு தட்டை வைத்துப் பில்லை ஏற்றுகிறார்கள். இதைப் போய் ஸ்பெயின் வழக்கம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பில்லில் பன்னிரண்டரை வீதம் சேவைக் கட்டணமும் இருந்தது. விரும்பினால் கொடுக்கலாம் என்றார்கள். அதைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பணம் முழுவதும் ஊழியருக்கே போக வேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஏழெட்டு மேசைக்குத் தனியாக ஓடி ஓடிப் பரிமாறிய அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை.

உங்கள் கட்டுரையில் சுவரின் நிறமும் விளக்குகளும் நிறைய வந்தன. அடுத்த முறை உங்கள் கட்டுரையாளர் ஒரு சனி இரவில், வயதான ஒருவரையும் கூட்டிக்கொண்டு, சொந்தக் காசில் போய்வரட்டும். தோர்த்தியாவின் நடுத்துண்டைச் சாப்பிட்டுப் பார்த்து, அது எப்படி இருந்தது என்றும் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹரோ, லண்டன்