குருசடைத் தீவுக்கு மறுபடியும் ஒரு பயணம்

மதுரை,
மாசி 12.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பதினைந்து நாளாகிறது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடியின் துணையோடு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும், என் வீட்டுக்காரி, அதாவது உன் தங்கச்சி, மீனாட்சியம்மனுக்கு முடிந்துவைத்திருந்த காணிக்கையை அன்று மாலையே கொண்டுபோய்ச் செலுத்திவிட்டு வந்தாள். உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் குருசடைத் தீவுக்குப் போவதாக இருந்தது. போய் வந்த கையோடு எழுதினால் உனக்குச் சொல்வதற்கு ஏதாவது இருக்கும் என்று தள்ளிப்போட்டேன். ஆமாம், 1979ஆம் ஆண்டு விலங்கியல் வகுப்பு மாணவர்களாக, ஃபார்மலின் ஜாடிகளை மடியில் வைத்துக்கொண்டு நாம் போனோமே, அதே குருசடைதான்.

இந்த முறை ஒரு நாள் சுற்றுலாப் பேருந்தில் போனோம். வழிகாட்டி, காலைச் சிற்றுண்டி, படகுக் கட்டணம், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. மாட்டுத்தாவணிப் பக்கத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு வந்து நிற்கச் சொன்னார்கள். நாங்கள் நின்றோம், பேருந்து ஐந்தேகாலுக்கு வந்தது. தீவில் மூன்று மணி நேரம் என்று அச்சடித்துக் கொடுத்திருந்த நிகழ்ச்சி நிரல் அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது. கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி பத்து நிமிடம். அந்தச் சுற்றுலா நடத்துபவர்களிடம் சண்டை போடலாம் என்று கிளம்பிய என்னை உன் தங்கச்சிதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பயணிகள் நாற்பது பேரில் முக்கால்வாசி நம்மைப் போல ஓய்வு பெற்றவர்கள். சிலைமான், திருப்புவனம், மானாமதுரை என்று வைகையின் ஓரமாகவே வண்டி போனது. மதுரையில் நாம் பார்த்துப் பெருமூச்சு விடும் அந்த ஆறு, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேரும் வரையில் நம்மோடுதான் வருகிறது என்பதை இத்தனை ஆண்டு இந்த ஊரில் இருந்தும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பாம்பன் பாலத்தின் மேல் வண்டியை மெதுவாக ஓட்டினார்கள். நாம் போன காலத்தில் இந்தச் சாலைப் பாலமே கிடையாது, 1988இல்தான் திறந்தார்கள். அதனால்தான் நம் கல்லூரிப் பேருந்து மண்டபத்தோடு நின்றது, அங்கிருந்து படகு பிடித்தோம். 1914இல் கட்டிய பழைய இரயில் பாலம் ஓய்வு பெற்றுவிட்டது. அதன் பக்கத்திலேயே, கப்பல் போக வேண்டுமானால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும்படியாக அமைத்த புதிய பாலத்தில் 2025 ஏப்ரல் முதல் இரயில் ஓடுகிறது. பாலத்தின் ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். மாசி மாதத்தில் வடகடல் இன்னும் கொஞ்சம் சிலுசிலுத்துக் கொண்டிருக்க, தென்கடல் எண்ணெய் ஊற்றியது போல அடங்கிக் கிடந்தது. குருசடை இருப்பது தென்கடலில், மன்னார் வளைகுடாவில்.

படகு ஏறும் இடம் குந்துகால். சிகாகோவுக்குப் போய்த் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று வந்து இறங்கியது இந்தப் பாம்பன் கரையில்தான். அங்கே அவருக்கு ஒரு நினைவு மண்டபமும் இருக்கிறது. ஆனால் எங்களை நிறுத்தி வைத்த இடம் அதற்குப் பக்கத்திலிருந்த ஒரு சாதாரண மேசை. வனத்துறைப் பணியாளர் ஒவ்வொரு பையையும் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிஸ்கட் பொட்டலம், முறுக்குப் பை, தண்ணீர் பாட்டில் என்று பிளாஸ்டிக்காக இருந்தவை எல்லாம் வெளியே வந்தன. உன் தங்கச்சி நான்கு பேருக்கு ஆகும் அளவுக்குப் புளியோதரை கட்டி வந்திருந்தாள். அதை வாழையிலையில் மடித்திருந்தபடியால் அவருக்கு அதில் குற்றம் காண வழியில்லாமல் போயிற்று. ஆனாலும் தீவில் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார். இந்தக் கெடுபிடி எல்லாம் எதற்கு என்று பின்னால் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். நானும் அந்த நேரத்தில் அவர் கட்சிதான்.

படகில் எங்களுக்கு வழிகாட்டியாக ஏறியவர் பாம்பன் பக்கத்து மீனவக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பேருந்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்த இளைஞர் அத்தோடு வாயை மூடிக்கொண்டார் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் அவர் வழியில், உலகத்திலேயே பலனோகிளாசஸ் என்ற உயிரினம் குருசடையில் மட்டும்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். அந்த இனம் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் பல கரைகளில் உண்டு என்று எழுந்து சொல்லலாமா என்று பார்த்தேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் புத்தி இன்னுமா போகவில்லை என்று உன் தங்கச்சி கேட்பாளே என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று: தமிழ்நாட்டில் விலங்கியல் படித்தவன் எவனுக்கும் குருசடை என்றால் பலனோகிளாசஸ்தான். முதுகெலும்பில்லாதவற்றுக்கும் முதுகுநாண் உள்ளவற்றுக்கும் இடையில் நிற்கும் அந்த மண்புழு மாதிரியான உயிருக்கு, மீன்களுக்கு இருப்பது போலத் தொண்டையில் செவுள் துளைகள் இருப்பதை நம் பேராசிரியர் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். கடல் வற்றிய நேரத்தில் மணலில் முறுக்குப் பிழிந்தது போல அதன் கழிவு மண் சுருண்டு கிடக்க, அந்த இடத்தைத் தோண்டி அதைத் துண்டாகாமல் எடுப்பதற்கு நீ பட்ட பாடும், ஊர் வந்து சேர்ந்த பிறகும் மூன்று நாள் உன் கையை விட்டுப் போகாத, அந்த உயிரின் மருந்து நெடி போன்ற அயோடோஃபார்ம் வாடையும் எனக்கு நேற்று நடந்தது போல இருக்கின்றன. நம் அறையில் அன்றைக்கு யாரும் உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

தீவில் இறங்கியதும் முதலில் காதுக்குத்தான் வேலை. நம் ஊர்க் கடற்கரை என்றால் பொதபொதவென்ற மணல்; இங்கே கரை முழுவதும் உடைந்த பவளத் துண்டுகள். விரல் பருமனில், வெள்ளை வெளேரென்று, ஒன்றன் மேல் ஒன்றாக அலை குவித்து வைத்திருக்கிறது. காலை வைத்தால் உடைந்த பீங்கான் தட்டின் மேல் நடப்பது போலக் கலகலவென்று ஓசை வருகிறது. அந்தக் குவியலைத் தாண்டினால் சிறிது மணல், அதற்கு அப்பால் செடிகொடிகள். குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தவன், கட்டைவிரல் நகம் அளவில் வரி வரியாக இருந்த ஒரு சங்கை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. பத்தடி தள்ளி நின்ற அந்தப் பெண், குரலை உயர்த்தாமல், "ஐயா, பையில போட்டதை எடுத்த இடத்திலயே வச்சிருங்க" என்றார். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அசட்டுச் சிரிப்போடு அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தபோது, அதன் வாய்க்குள்ளிருந்து இரண்டு கண் காம்புகளும் சிவந்த ஒரு காலும் மெல்ல வெளியே வந்தன. காலியான சங்கில் குடியேறி வாழும் நண்டு. உள்ளே ஆள் இருக்கும் வீட்டைத்தான் நான் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். விலங்கியலில் பட்டம் வாங்கிய, முப்பது ஆண்டு பாடம் நடத்திய எனக்கு, அந்த நிமிடத்தில் ஏற்பட்ட வெட்கத்தை உனக்கு மட்டும்தான் எழுத முடியும்.

அதன் பிறகு நான் அவரோடேயே நடந்தேன். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரைக்கும் இருந்த 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அவற்றில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இன்று கடலுக்கு மேலே இல்லை என்பதை அவர் சொல்லித்தான் நினைவுபடுத்திக்கொண்டேன். சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் வீடு கட்டவும் பல பத்தாண்டுகளாகப் பவளக்கல்லை வெட்டி வள்ளம் வள்ளமாகக் கொண்டுபோனார்கள். அலையின் வேகத்தைத் தடுத்துக்கொண்டிருந்த பவளப் பாறை போனதும், அதற்குப் பின்னால் இருந்த மணல் திட்டு கரைந்தது. 2001இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் உரிய அட்டவணையில் சேர்த்த பிறகுதான் அந்த வேலை மெல்ல மெல்ல நின்றது. அது நின்றாலும் கடல் சூடாவது நிற்கவில்லை. பவளப் பூச்சியின் உடலுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசி, நீரின் சூடு தாங்காமல் வெளியேறிவிடுவதால் பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. 2010இலும் 2016இலும் இந்த வளைகுடாவில் அது பெரிய அளவில் நடந்தது. போதாததற்கு, தொழிலுக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்த கப்பாபைகஸ் என்ற பாசி, இந்தக் குருசடைப் பக்கத்துப் பவளத்தின் மேலேயே போர்வை போலப் படர்ந்து, அதை மூச்சுவிடாமல் செய்கிறதாம். அதைக் கையால் பிய்த்து எடுக்கும் வேலையும் நடக்கிறது என்றார்.

பாசி என்றதும் அவர் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அவருடைய தாயார் இந்தத் தீவுகளைச் சுற்றி, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் ஒரு பை, அவ்வளவுதான் தளவாடம். ஜெல்லி போன்ற அகர் என்ற பொருளைத் தயாரிக்கப் போகும் அந்தப் பாசியை விற்றுத்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தாராம். "இப்ப எங்க அம்மா இங்க வந்தா பிடிப்பாங்க, நான் உங்களைக் கூட்டிட்டு வந்தா சம்பளம் குடுக்கிறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் பதில் இல்லை. தீவைக் காக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கட்டணம் கட்டிய நாற்பது பேருக்கு ஒரு மணி நேரம் திறக்கிற கதவு, தலைமுறை தலைமுறையாகக் கையால் பாசி கிள்ளியவர்களுக்கு மூடியிருக்கிறது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வள்ளம் வள்ளமாகக் கல்லை வெட்டிக் கொண்டுபோனவர்கள் இந்தப் பெண்கள் இல்லையே. சுற்றுலாப் பணத்தில் அந்தக் கிராமத்துக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டேன். அவருக்குத் தம்முடைய சம்பளம் மட்டும்தான் தெரியும் என்றார்.

திரும்பும் வழியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. பாம்பனில் மீன் குழம்புச் சாப்பாடு அருமை. புளியோதரை பரமக்குடி தாண்டி மாலையில் தீர்ந்தது. பேருந்தில் எல்லோரும் உறங்கினார்கள்.

எனக்குத்தான் உறக்கம் வரவில்லை. காரணம் உனக்குத் தெரியும். நம் வீட்டு ஷோகேஸில், கொலுப் பொம்மைகளுக்குப் பக்கத்தில், அன்றைக்கு நாம் கொண்டுவந்த பவளக் கட்டி இருக்கிறது. அதாவது பாதி இருக்கிறது. பேருந்து வரும் வழியில் குலுங்கியதில் அது இரண்டாகப் பிளந்ததும், பெரிய பாதிக்கு நாம் நாணயம் சுண்டியதும், நீ வென்றதும் நினைவிருக்கிறதா? இரவு வந்ததும் என் பாதியை எடுத்துத் தூசி போகக் கழுவினேன். விளக்கு வெளிச்சத்தில் திருப்பினால் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் குடியிருந்திருக்கும். உருண்டு திரளும் அந்த வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. ஸ்கேலை வைத்து அளந்தேன். உன் பாதியையும் கூட்டி ஒரு கணக்குப் போட்டால், நீயும் நானும் ஆனா ஆவன்னா எழுதத் தொடங்கிய காலத்தில் அது வளரத் தொடங்கியிருக்க வேண்டும்.

இதைத் திரும்பக் கொண்டுவந்து கடலில் போட்டுவிடலாமா என்று படகில் வரும்போதே அந்தப் பெண்ணிடம் கேட்டுப் பார்த்தேன். "நாப்பத்தாறு வருஷம் கழிச்சா? அதுக்கும் சேர்த்துப் படகு டிக்கெட் எடுக்கணுமே ஐயா" என்றார்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்கு முந்தின நாளே வந்துவிடு. கூட்டத்தில் உன் காலோடு நிற்க முடியாது, நம் மாடியிலிருந்தே பார்க்கலாம். உன் வீட்டில் இருக்கும் என் தங்கச்சியையும் கட்டாயம் அழைத்து வா. உன் பாதி இன்னும் இருந்தால் அதையும் துணியில் சுற்றி எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்.