அவர்கள் கையில் ஒரு இன்ச் டேப்பும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வயது 64. பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி, குதிகாலை ஒட்டவைத்து, உயரம் அளந்து பதிவேட்டில் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. ஒரு பிள்ளை வளராமல் நின்றால் உடனே அம்மாவைக் கூப்பிட்டு, வீட்டில் என்ன கொடுக்கிறாய் என்று கேட்பேன். அப்படிப்பட்ட எனக்கு, எலும்பு மெலிந்து நானே நாலு சென்டிமீட்டர் குறைந்துபோனது தெரியவில்லை.

அடுப்படி மேல்தட்டில் இருக்கும் புளி டப்பாவை எப்போதும் சாதாரணமாக எடுப்பேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு அதில் விரல் நுனிதான் பட்டது. முக்காலி போட்டு எடுத்துக்கொண்டேன். சேலை தரையில் புரண்டது; கொசுவம் சரியாக வைக்கவில்லை என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் அரைக்குடம் தண்ணீரைத் தூக்கும்போது நடுமுதுகில் சுளீரென்று ஒரு வலி. மூன்று வாரம் தைலம் தேய்த்தும் போகவில்லை.

எக்ஸ்ரேயில் முதுகெலும்புக் கண்ணி ஒன்று நசுங்கியிருந்தது. விழவில்லை, அடிபடவில்லை. டாக்டரம்மா என்னை நிற்கவைத்து உயரம் பார்த்தார். 152. வேலையில் சேர்ந்தபோது எடுத்த சான்றிதழில் 156. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். முன்பு எலும்பு முறிந்திருக்கிறதா? 57 வயதில் வாசப்படி தடுக்கி, கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாதவிடாய் எப்போது நின்றது? 41 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்குக் கூன் உண்டா? உண்டு. வயதானால் கூன் விழும் என்றுதான் வீட்டில் எல்லோரும் இருந்தோம்.

சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் எலும்பு கரைவதைக் கட்டுப்படுத்துகிறதாம். அது நின்ற முதல் சில வருஷங்களில் எலும்பு வேகமாகக் கரையும். அறுவை சிகிச்சை செய்தபோதும் இதை யாரும் சொல்லவில்லை. மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டபோதும் சொல்லவில்லை. நின்ற நிலையில் தடுக்கி விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், எலும்பில் ஏதோ குறை இருக்கிறதா என்று அப்போதே பார்த்திருக்க வேண்டும். ஏழு வருஷம் வீணாகப் போய்விட்டது.

பேரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. முட்டி வலித்தாலும் ‘எலும்புத் தேய்மானம்’ என்கிறோம், இதையும் அப்படியே சொல்கிறோம். முட்டித் தேய்மானம் மூட்டு சம்பந்தப்பட்டது, அது வலித்துக் காட்டிக்கொடுக்கும். எலும்பு உள்ளே புரையோடி மெலியும் இந்த ஆஸ்டியோபோரோசிஸ் முறியும்வரை வலிக்காது. வலி இல்லையே, நமக்கு இல்லை என்று இருந்துவிடுகிறோம்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு டெக்ஸா ஸ்கேன் என்று பேர். மேசையில் படுத்துக்கொண்டால் கருவி மேலே நகர்ந்து இடுப்பையும் முதுகையும் பார்க்கும். பத்து நிமிஷ வேலை, ஊசி கிடையாது, கதிர்வீச்சும் மிகக் குறைவு. எலும்பின் அடர்த்தியை டி-ஸ்கோர் என்ற எண்ணாகச் சொல்வார்கள்; அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் நோய். எனக்கு மைனஸ் 3.1. முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்க்கும் கருவி ஒரு முதல்கட்டச் சோதனைதான். அதில் குறை என்று வந்தால் டெக்ஸா எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்தது தெரிவதற்குள் நிறையக் கரைந்துபோயிருக்கும்.

இப்போது ஞாயிறுதோறும் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது. வாசலில் நடந்துகொண்டே இருப்பேன். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350, ஒரு டம்ளர் பாலில் 240 போலக் கிடைக்கும். சத்துமாவுக்குக் கேழ்வரகு ஏன் என்று அத்தனை தாய்மாருக்கும் சொன்னேன். என் தட்டில் மூன்று வேளையும் அரிசிதான் இருந்தது.

டெக்ஸா எடுக்க நான் போடியிலிருந்து பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். முதுகு வலியோடு எத்தனை பெண்கள் அப்படிப் போவார்கள்? மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இந்தக் கருவி வேண்டும். 65 தாண்டிய பெண்களுக்கும், முன்பே எலும்பு முறிந்தவர்களுக்கும், சினைப்பை எடுத்தவர்களுக்கும், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கும் இலவசமாக எடுக்க வேண்டும்.

அதற்கு நாளாகும் என்றால், செலவில்லாத ஒன்றை உடனே செய்யலாம். வீடு தேடி வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் பெண்கள் கையில் ஒரு இன்ச் டேப்பும் இருக்கட்டும். ஐம்பது தாண்டிய பெண்களை வருஷத்துக்கு ஒரு முறை சுவரோரம் நிறுத்தி அளக்கட்டும். அவர்கள் பதிவேட்டில் உயரத்துக்கென்று ஒரு கட்டம் போடுங்கள் என்று சுகாதாரத் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அளக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால், எங்கள் பக்கத்துக்கு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
போடிநாயக்கனூர்