எட்டாவது பட்டத்தின் எடை

ஆசிரியருக்கு, வணக்கம். ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு வீராங்கனை ஸ்டெபனி கில்மோர் குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, அவரது 8 உலகப் பட்டங்களையும் ஒரே வரியில் எண்ணி முடித்துவிட்டது. 2007-இல் அறிமுக ஆண்டிலேயே வென்றது முதல் 2018 வரையிலான ஏழும் ஆண்டு முழுவதும் சேர்த்த புள்ளிகளால் கிடைத்தவை. 2022-ஆம் ஆண்டுப் பட்டம் அப்படியன்று. புள்ளிப்பட்டியலின் முதல் ஐவர் மட்டும் கலிபோர்னியாவின் லோயர் டிரெஸ்ல்ஸ் கடற்கரையில் ஒரே நாளில் மோதினர். ஐந்தாம் இடத்திலிருந்து தொடங்கிய கில்மோர் நான்காம், மூன்றாம், இரண்டாம் இடத்தினரை அடுத்தடுத்து வென்றார். பிறகு முதலிடத்தில் இருந்த கரிசா மூரை 2-0 என்ற சுற்றுக் கணக்கில் தோற்கடித்தார். ஒரே நாளில் ஐந்து சுற்றுகள்! மூருக்கோ அதுவே அன்றைய முதல் மோதல்.

ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த இரண்டு அலைகளின் மதிப்பெண்ணே, ஒவ்வொன்றும் பத்துக்கு என, கணக்கில் வரும். ஆனால் கடலில் செலவாகும் நேரத்தில் ஏறத்தாழப் பாதி, பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளுவதிலேயே போய்விடும்; பலகைமேல் நிற்பது சில விநாடிகள்தான். முதலில் சோர்வது தோள்பட்டை. தோள் தளர்ந்தால் எழும் கணம் பிந்தும், அலை கைநழுவும். எனவே இத்தகைய கட்டுரைகளில் பட்டம் வென்ற ஆண்டுடன் அது முடிவான முறையையும் ஒரு சிறு கட்டத்தில் வெளியிட வேண்டுகிறேன்.