பேப்பர்காரர் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

பதினாறாம் நாள் நான் வந்திருந்தபோது, "அப்பா உங்களுக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டாய். "எங்க வீட்டுக்குப் பேப்பர் போடுவார்" என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாய். சொன்னது போதாது என்று அன்றிலிருந்து உறுத்துகிறது.

பதினொரு வருஷம், தினமும் ஒரு நிமிஷம். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். ஐந்தே காலுக்குத் தெருவில் சைக்கிள் மணி கேட்கும். மற்ற வீடுகளில் மடித்து வீசிவிட்டுப் போகிறவர், எங்கள் வாசலில் மட்டும் காலை ஊன்றி நிற்பார். திண்ணையில் என் அம்மா காத்திருப்பார். அம்மாவுக்கு அப்போதே பார்வை மங்கிவிட்டது. முதல் பக்கத் தலைப்புகளைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, "வைகை அணையில தண்ணி திறந்துட்டாங்களாம்மா" என்று தன் பங்குக்கு ஒரு சேதியும் சொல்லிவிட்டுத்தான் பேப்பரைக் கையில் கொடுப்பார் உன் அப்பா. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, தானே படித்ததுபோல் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அம்மா போன பிறகும் சில நாள் அந்த சைக்கிள் எங்கள் வாசலில் நின்றது. ஒருநாள் கதவைத் திறந்தேன். "கால் தானா ஊனிருச்சு சார்" என்றார்.

2020 ஊரடங்கில் இரண்டு மாதம் பேப்பரை நிறுத்தினோம். ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். இப்போது அதை நினைத்தால் வலிக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மணியாகியும் மணிச் சத்தம் இல்லை. பைபாஸ் ரோட்டில் பேப்பர்கள் சிதறிக் கிடப்பதாக, வாக்கிங் போய் வந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். எல்லோரும் விபத்து என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். அந்த அளவில் உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் கரைத்துவிடும். உன் அப்பாமேல் வண்டியை ஏற்றியவனுக்கு ரத்தம் எடுத்தது ஏழு மணிக்கு. அப்போதே அளவைத் தாண்டியிருந்தது என்றால், மோதிய நேரம், நாலே முக்காலுக்கு எவ்வளவு இருந்திருக்கும்! ராத்திரியெல்லாம் குடித்துவிட்டு, அந்த நிலையில் சாவியைக் கையில் எடுத்திருக்கிறான்.

நேற்று உன் மாமாவைக் கடைவீதியில் பார்த்தேன். நஷ்டஈட்டு வழக்குக்கு அப்பாவின் வருமான ஆதாரம் கேட்கிறார்களாம். ஆதாரம் இல்லாவிட்டால் தீர்ப்பாயம் உத்தேசமாக ஒரு தொகையை வைத்துக் கணக்குப் போடும். ஆறு மாதத்துக்குள் மனுவும் போட்டாக வேண்டும்.

மாதாமாதம் உன் அப்பா எழுதித் தரும் பேப்பர் பில்லை அம்மா ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பார். அம்மாவுக்குப் பிறகு நானும் அதிலேயே போட்டு வந்தேன். எடுத்து எண்ணினேன், 94 சீட்டு. எல்லாம் அவர் கையெழுத்து. எங்கள் தெருவில் அவர் பேப்பர் போட்டது 22 வீடு. அதில் 17 வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்கு வந்து சொல்வதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்களையும் இந்த வாரம் பார்த்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் கொண்டு வருகிறேன். வீட்டில் இரும்மா.