வைரத்தை நாங்கள் ஒளித்து வைக்கவில்லை

எங்கள் கடையில் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டு ஆடும் தம்பி தங்கைகளுக்கும், மணிக்கணக்கில் கட்டணம் கட்டிவிட்டுப் போகும் பெற்றோருக்கும் வணக்கம்.

எல்லோரும் சேர்ந்து ஆடும் எங்கள் சர்வரில் புது உலகம் திறந்ததிலிருந்து ஒரே புகார்: "அண்ணா, வைரத்தைக் குறைச்சிட்டீங்க!" போன வாரம் ஒரு பையன் இரண்டு மணி நேரம் தோண்டி, நிலக்கரியும் இரும்புமாக அள்ளிக்கொண்டு அழாத குறையாகப் போனான். நாங்கள் எதிலும் கை வைக்கவில்லை. அவன் தோண்டிய இடத்தைப் போய்ப் பார்த்தோம். ஒய் 11! (விளையாட்டில் உயரத்தைக் காட்டும் எண்தான் ஒய்.) ஏதோ பழைய வீடியோவை நம்பி வந்திருக்கிறான்.

2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்போடு அந்தக் கணக்கு முடிந்தது. முன்பு உலகத்தின் அடி 0. இப்போது மைனஸ் 64. வைரம் 16-க்குக் கீழே தொடங்கினாலும், இறங்க இறங்கத்தான் கூடும். கீபோர்டில் எஃப்3 அழுத்தி உயரத்தைப் பார்த்து, மைனஸ் 59-ஐ ஒட்டி நீளமாகச் சுரங்கம் வெட்டுங்கள். குகைச் சுவர்களில் தேடி அலைய வேண்டாம். காற்றுப் படும் இடத்தில் வைரம் குறைவாக விளையும்படிதான் விளையாட்டையே அமைத்திருக்கிறார்கள். அந்த ஆழத்தில் லாவா அதிகம், ஒரு வாளித் தண்ணீர் கையில் இருக்கட்டும். இரும்பு பிக்காக்ஸ் (பாறை உடைக்கும் கருவி) கட்டாயம். கல் பிக்காக்ஸால் உடைத்தால் வைரம் போயே போச்சு.

மரகதம் மலைப்பகுதியில் மட்டும்தான், அதுவும் உயரத்தில். அதற்காக மலையைக் குடைவானேன்? விளையாட்டில் வரும் கிராமத்து விவசாயியிடம் 20 கோதுமை கொடுத்தால் ஒரு மரகதம் தருவார்.

சரி, வைரம் கிடைத்துவிட்டது. உடனே வாள் செய்யாதீர்கள். முதல் மூன்றும் பிக்காக்ஸுக்கு. அதை வைத்து அப்சிடியன் என்ற கறுப்புக் கல் நான்கு வெட்டி, இரண்டு வைரம், ஒரு புத்தகம் சேர்த்தால், கருவிகளுக்கு மந்திர சக்தி ஏற்றும் என்சான்டிங் மேசை தயார். மந்திரமேற்ற லேபிஸ் என்ற நீலக் கல் வேண்டும். அது ஒய் 0 பக்கம் நிறையக் கிடைக்கும். பிக்காக்ஸில் ஃபார்ச்சூன் 3 என்ற மந்திரம் அமைந்தால் ஒரு கல்லிலிருந்து நான்கு வைரம் வரைகூட விழும். அதுவரை கண்ணில் படும் வைரக் கல்லை உடைக்காமல் வையுங்கள். பொது சர்வர் அல்லவா, மேலே ஒரு சாதாரணக் கல்லை வைத்து மூடிவிடுவது நல்லது. முழுக் கவசத்துக்கே 24 வைரம் வேண்டும்.

காசுக்கு வைரம் தருவீர்களா என்று சில அப்பாக்கள் கேட்கிறார்கள். தர மாட்டோம். அழாத குறையாகப் போன அந்தப் பையன் மட்டும் ஒருமுறை வரட்டும், ஒரு மணி நேரம் எங்கள் கணக்கில்.